களைப்பு தீரக் களை பறிப்போம்!

சுட வேண்டாம், துரத்த வேண்டாம், ஜெயிக்கவும் வேண்டாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அழுக்கு கழுவுவது, அட்டைப்பெட்டி பிரித்து அடுக்குவது... இதற்காகக் கோடிக்கணக்கானவர்கள் காசு கொடுத்து வீடியோ கேம் வாங்குகிறார்கள். எதற்கு?

ஜோஜா என்ற நிறுவனத்தின் அலுவலகம். தடுப்பு வைத்த மேஜைகள் வரிசையாக நீள்கின்றன. சுவரில் இரண்டு விளக்குகள். ஒன்று 'வேலை', இன்னொன்று 'ஓய்வு'. எரிவது 'வேலை' மட்டும்தான். ஒரு மேஜையில் ஊழியர் இருக்க வேண்டிய இடத்தில் எலும்புக்கூடு கிடக்கிறது. இன்னொரு மேஜையில் நம் கதையின் நாயகர் இழுப்பறையைத் திறந்து, தாத்தா சாவதற்கு முன் கொடுத்த கடிதத்தை எடுக்கிறார். 'வாழ்க்கையின் பாரம் தாங்க முடியாமல் போகிற அன்றைக்குத் திற' என்று சொல்லிக் கொடுத்த கடிதம். அந்த நாள் வந்துவிட்டது. அடுத்த காட்சியில் பேருந்து, ஒரு கிராமம், கல்லும் கட்டையும் மண்டிய தரிசு நிலம். ஊர்த் தலைவர் கொடுக்கும் 15 விதைகள்தான் முதலீடு.

'ஸ்டார்ட்யூ வேலி' இப்படித்தான் தொடங்குகிறது. 2016 பிப்ரவரியில் வெளிவந்த இந்த கேம், 2024 டிசம்பர் வரை 4.1 கோடிப் பிரதிகள் விற்றிருக்கிறது. இத்தனைக்கும் இதை உருவாக்கியது பெரிய ஸ்டுடியோ எதுவும் இல்லை, ஒரே ஓர் ஆள்.

இந்த வகைக்கு 'கோஸி கேம்' என்று உலகம் முழுக்கப் பெயர் விழுந்துவிட்டது. தோட்டம் போடலாம், மீன் பிடிக்கலாம், காபி கலக்கலாம், பூனை வளர்க்கலாம். தோற்றால் ஆட்டம் முடிந்தது என்று திரை கறுப்பதில்லை. யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. வீடியோ கேம் என்றாலே துப்பாக்கிச் சத்தமும், 'கண்ணு கெட்டுப் போகும்டா' என்ற அதட்டலுமாகப் பழகிய நம் வீடுகளுக்கு இது கொஞ்சம் விசித்திரமான சங்கதி.

அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. நாயகர் அலுவலகத்தை விட்டு ஓடி வந்து என்ன செய்கிறார்? காலை ஆறு மணிக்கு எழுந்து களை பறிக்கிறார், பாத்தி கொத்துகிறார், பூவாளியோடு அலைகிறார். கோழிக்குத் தீனி, மாட்டுக்குப் புல், சாயங்காலம் சுரங்கம். அவரை ஆட்டுவிப்பவரும் பெரும்பாலும் அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பியவர். ஓய்வுக்காக கேமைத் திறந்தவர் இன்னொரு ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். அதையும் ரசித்துப் பார்க்கிறார்!

கோஸி கேம்களின் வெற்றிக்குக் காரணம் அவற்றின் மென்மையான வண்ணங்களும் இதமான இசையும்தான் என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதிதான். மீதிப் பாதி இந்த வேலையில் இருக்கிறது.

மூன்று தனி ஆட்கள்

இந்த வகையின் வரலாற்றைப் புரட்டினால் மூன்று பேர் நிற்கிறார்கள். மூவருமே ஏதோ ஒன்றை இழந்துவிட்டு, அதை கேமில் தேடியவர்கள்.

முதலாமவர் ஜப்பானின் யசுஹிரோ வாடா. கியூஷு தீவின் மியாசாகியில் வளர்ந்தவர். இளைஞராக இருந்தபோது கிராமம் பிடிக்காமல் டோக்கியோவுக்குப் போனார். போன பிறகுதான் ஊரின் அருமை தெரிந்தது. சண்டையே இல்லாத ஒரு கேம், அதில் பயிர் வளர்ப்பு, மாடு வளர்ப்பு, கல்யாணம் என்று அவர் யோசித்ததன் பலன் 1996 ஆகஸ்டில் வந்தது. அமெரிக்காவில் அது 'ஹார்வெஸ்ட் மூன்'. இன்றைய பண்ணை கேம்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அதன் வாரிசுகள்.

இரண்டாமவர் கட்சுயா எகுச்சி. நின்டெண்டோவில் வேலை கிடைத்து, டோக்கியோவுக்குப் பக்கத்திலிருக்கும் சிபாவிலிருந்து கியோட்டோவுக்குக் குடிபெயர்ந்தார். குடும்பமும் நண்பர்களும் அங்கே, அவர் மட்டும் இங்கே. பிற்பாடு குடும்பம் அமைந்தபோது வேறு சிக்கல்: இவர் வீடு திரும்புகிற நேரத்தில் மற்றவர்கள் விளையாடி முடித்திருப்பார்கள். ஒரே ஊரில் ஒவ்வொருவரும் தனக்கு வசதியான நேரத்தில் வந்து, ஒருவர் மற்றவருக்குக் கடிதமோ பரிசோ வைத்துவிட்டுப் போகிற மாதிரி ஒரு கேம் இருந்தால்? 2001 ஏப்ரலில் ஜப்பானில் வந்த அந்த கேம்தான் பிறகு 'அனிமல் கிராஸிங்' ஆனது.

மூன்றாமவர் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த எரிக் பரோன். 2011-ல் கணினி அறிவியல் பட்டம் வாங்கினார், வேலை கிடைக்கவில்லை. சும்மா இருப்பதற்குப் பதிலாக, சிறுவயதில் பிடித்த 'ஹார்வெஸ்ட் மூன்' மாதிரி ஒன்றைச் செய்து கையைப் பழக்கிக்கொள்ளலாம் என்று தொடங்கினார். சில மாதங்களில் முடியும் என்று நினைத்தது நாலரை வருடம் இழுத்தது. படம், இசை, கதை, நிரல் எல்லாமே அவர் கை. இடையில் ஒரு தியேட்டரில் பார்வையாளர்களை இருக்கைக்கு அழைத்துப் போகும் பகுதிநேர வேலை. வீட்டுச் செலவைப் பெரும்பாலும் காதலியின் சம்பளம் தாங்கியது. வெளியான இரண்டு மாதத்துக்குள் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது ஸ்டார்ட்யூ.

அந்த நாலரை வருடமும் பரோன் நாளுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம், வாரத்தின் ஏழு நாளும் உழைத்திருக்கிறார். அலுவலக வதையிலிருந்து தப்பிக்கும் கதையை எழுதியவருக்கு 'ஓய்வு' விளக்கு எரியவே இல்லை.

மார்ச் 20, 2020

கோஸி கேம்களை ஓரத்திலிருந்து நடுவீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு தேதி. உலகம் முழுக்கக் கதவுகள் சாத்தப்பட்டுக்கொண்டிருந்த வாரத்தில், 2020 மார்ச் 20 அன்று, 'அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைஸன்ஸ்' வெளியானது. ஆறே வாரத்தில் 1.34 கோடி விற்பனை. இன்றைக்கு அது 4.5 கோடியைத் தாண்டிவிட்டது.

கதை எளிது. ஆளில்லாத தீவுக்குக் குடிபோகிறீர்கள். டாம் நூக் என்ற ஒரு விலங்கு வீட்டுக்கடன் தருகிறது. வட்டி கிடையாது, தவணைத் தேதி கிடையாது, வாசலில் ஆள் வந்து நிற்பதும் கிடையாது. பழம் பறித்து, மீன் பிடித்து விற்று, முடிந்தபோது அடைக்கலாம். விளையாட்டின் கடிகாரம் நம் வீட்டுக் கடிகாரம்தான். இரவு பத்து மணிக்குக் கடை அடைத்துவிடுவார்கள். பறித்த பழம் மறுபடி காய்க்க மூன்று நாள். பாலம் கட்டப் பணம் கொடுத்தால் மறுநாள் காலையில்தான் பாலம். எல்லாமே நொடியில் வேண்டும் என்று பழக்கப்பட்ட தலைமுறையை, 'போய்ட்டு நாளைக்கு வா' என்று அனுப்பிவைத்த கேம் இது.

வெளியே போக முடியாதவர்கள் அந்தத் தீவில் கூடினார்கள். தள்ளிப்போன கல்யாணங்களையும் பட்டமளிப்பு விழாக்களையும் அங்கே நடத்தினார்கள். கலிஃபோர்னியாவின் மான்டெரே பே மீன்காட்சியகம், கேமுக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தை நேரலையில் சுற்றிக் காட்டி, ஒவ்வொரு மீனுக்கும் பாடம் நடத்தியது. ஹாங்காங் போராட்டக்காரர்கள் தங்கள் தீவுகளில் முழக்கப் பலகைகளை நட்டார்கள். ஜோ பைடனின் தேர்தல் பிரசாரக் குழு முற்றத்துப் பதாகைகளை வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பரில், அரசியல் வேண்டாம் என்று அமைப்புகளுக்கு விதிமுறை போட்டது நின்டெண்டோ. ஊர் என்றால் அரசியலும் வரத்தானே செய்யும்!

அழுக்கும் அட்டைப்பெட்டியும்

இதம் தானாக வருவதில்லை. அதற்குப் பின்னால் நுணுக்கமான தொழில் இருக்கிறது. 2017-ல் டேனியல் குக், டான்யா ஷார்ட் உள்ளிட்ட கேம் வடிவமைப்பாளர்கள் குழு ஒன்று கூடி, கோஸி கேமுக்கு மூன்று அடையாளங்களை எழுதி வைத்தது. ஒன்று, பாதுகாப்பு: எதையும் இழந்துவிடுவோமோ என்ற பயம் கூடாது. இரண்டு, நிறைவு: பசி, பஞ்சம், பற்றாக்குறை துரத்தக்கூடாது. மூன்று, மென்மை: ஒளி, ஒலி, வேகம் எல்லாமே நரம்பை உரசாமல் இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க இரண்டு கேம்கள் போதும்.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் இருக்கும் ஃப்யூச்சர்லேப் உருவாக்கிய 'பவர்வாஷ் சிமுலேட்டர்'. கையில் உயர் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் குழாய். எதிரே அழுக்கேறிய வேன். அவ்வளவுதான் முதல் ஆட்டம். தண்ணீர் பட்ட இடத்தில் கோடு போட்ட மாதிரி அழுக்கு விலகி அசல் வண்ணம் தெரிகிறது. ஒரு பாகம் முழுக்கச் சுத்தமானதும் அது பளிச்சென்று மின்னி, 'டிங்' என்று ஒரு மணிச் சத்தம். சக்கரம், டிங். கைப்பிடி, டிங். இத்தனை சதவீதம் முடிந்தது என்று ஓரத்தில் கணக்கு ஏறிக்கொண்டே போகும். நேரக் கெடு இல்லை, மேற்பார்வையாளர் இல்லை. கழுவிய இடத்தை யாரும் வந்து மறுபடி அழுக்காக்குவதும் இல்லை. பாத்திரம் துலக்கி முடித்த கையோடு அடுத்த டம்ளர் வந்து தொட்டியில் விழும் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு, அந்த 'டிங்' எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் விட்ச் பீம் ஸ்டுடியோவின் 'அன்பேக்கிங்'. ரென் ப்ரையர், டிம் டாசன் என்ற ஜோடி ஒரே வீட்டுக்குக் குடிபோனபோது, சாமான்களைப் பிரித்து அடுக்கும் வேளையில் தோன்றிய யோசனை. ஒரு பெண் 1997 முதல் 2018 வரை எட்டு முறை வீடு மாறுகிறாள். ஒவ்வொரு முறையும் அவளுடைய பெட்டிகளைப் பிரித்து, சாமான்களை அதனதன் இடத்தில் வைப்பதுதான் நம் வேலை. அவள் ஒருமுறைகூட நேரில் வருவதில்லை, பேசுவதும் இல்லை. எந்தப் பொருள் வீட்டுக்கு வீடு கூடவே வருகிறது, எது காணாமல் போகிறது என்பதை வைத்தே அவளை அறிகிறோம். குவளையை மரத்தில் வைத்தால் ஒரு சத்தம், கல்லில் வைத்தால் வேறு சத்தம். இதற்காக மட்டும் 14,000-க்கும் மேற்பட்ட ஒலித்துணுக்குகளைப் பதிவு செய்தார்கள்.

2010-ஆம் ஆண்டு வீடு காதலனுடையது. எல்லா அலமாரியிலும் அவன் சாமான்கள். நாம் அவற்றை ஒதுக்கி ஒதுக்கி இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவளுடைய பட்டச் சான்றிதழை எந்தச் சுவரில் மாட்டினாலும் கேம் ஒப்புக்கொள்வதில்லை. கடைசியில் அது போகும் ஒரே இடம் கட்டிலுக்கு அடியில்தான். அந்த உறவு நிலைக்காது என்பது வசனமே இல்லாமல் நமக்குப் புரிந்துவிடுகிறது. 2022-ல் பாஃப்டா விருது விழாவில் கதை சொல்லலுக்கான விருது இந்த கேமுக்குக் கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

இதத்துக்குள் துக்கம்

கோஸி என்றால் சர்க்கரைப் பாகு என்று நினைத்துவிட வேண்டாம். கனடாவின் தண்டர் லோட்டஸ் 2020-ல் வெளியிட்ட 'ஸ்பிரிட்ஃபேரர்' சாவைப் பற்றியது. இறந்தவர்களின் ஆவிகளைப் படகில் ஏற்றி, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டு, கட்டி அணைத்து, அவர்கள் தயாரானதும் கடைசி வாசலில் இறக்கிவிடுகிறாள் ஸ்டெல்லா. ஆலிஸ் என்ற முள்ளெலிப் பாட்டிக்கு மெல்ல மெல்ல நினைவு மங்கி, ஸ்டெல்லாவையே தன் மகள் என்று நினைக்கத் தொடங்குகிறாள். ஒருவர் போன பிறகும் படகில் அவருக்காகக் கட்டிய வீட்டை இடிக்க முடியாது. இடத்தை அடைத்துக்கொண்டு அது அங்கேயே நிற்கும்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது 'வெண்பா'. டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து 1980-களில் கனடா போன வெண்பா, பாவலன் தம்பதியும் அவர்கள் மகன் கவினும்தான் பாத்திரங்கள். வெண்பாவின் அம்மாவுடைய சமையல் குறிப்பு நோட்டு கையில் இருக்கிறது. ஆனால் எழுத்து அழிந்து, பக்கம் கிழிந்து கிடக்கிறது. முதல் புதிரே இட்லிதான். தட்டுகளை எப்படி மாற்றி அடுக்கினால் ஆவி மேல் தட்டு வரை போகும் என்பதை அழிந்த குறிப்பிலிருந்து ஊகிக்க வேண்டும். தவறினால் மறுபடி முயலலாம், யாரும் கோபிப்பதில்லை. கதை நகர நகர, பள்ளியில் 'கெவின்' ஆகிவிட்ட கவின் வீட்டுச் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறான். வளர்ந்த பிறகு அதே நோட்டைக் கையில் எடுக்கும்போது அவனுக்குத் தமிழ் எழுத்து தடுமாறுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சின்ன கேம், 2024-ல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டாவையும், சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப் விழாவின் முதற்பரிசையும் வென்றது. கனடாவிலோ ஜப்பானிலோ பிரேசிலிலோ இருக்கும் ஒருவர் புட்டுக்குழாயைப் பிடித்துக்கொண்டு திகைத்திருப்பார் என்று நினைத்தாலே சிரிப்பும் பெருமையும் வருகிறது.

மனசுக்கு நல்லதா?

இதற்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் மூன்று பதில்கள் இருக்கின்றன. 2020-ல் 'அனிமல் கிராஸிங்' உள்ளிட்ட இரண்டு கேம்களை, நிறுவனங்களே கொடுத்த விளையாட்டு நேரக் கணக்கை வைத்து ஆராய்ந்தார்கள். அதிகம் விளையாடியவர்கள் சற்று மகிழ்ச்சியாக இருப்பதாகத் தெரிந்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின. 2022-ல் அதே குழுவினர் ஏழு கேம்கள், 38,935 பேர் என்று பெரிய அளவில் பார்த்தபோது, விளையாடும் நேரத்துக்கும் மனநலத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு எதுவும் இல்லை. நேரத்தைவிட நோக்கம்தான் பேசியது. ஆசைப்பட்டு விளையாடியவர்கள் நன்றாக இருந்தார்கள். விளையாடியே ஆக வேண்டும் என்ற உந்துதலில் இருந்தவர்கள் அப்படி இல்லை.

மூன்றாவது ஆய்வு 2024-ல் வந்தது. 'பவர்வாஷ் சிமுலேட்டர்' கேமின் தனிப் பதிப்பு ஒன்று, கழுவிக்கொண்டிருக்கும்போதே 'இப்போது மனநிலை எப்படி?' என்று அவ்வப்போது கேட்டது. 39 நாடுகளில் 8,695 பேர் பதில் சொன்னார்கள். விளையாடும்போது ஏறத்தாழ 72 சதவீதம் பேருக்கு மனநிலை கொஞ்சம் மேலேறும் என்று கணக்கிட்டார்கள். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி முதல் 15 நிமிடத்துக்குள். ஆக, ஒரு நல்ல கால் மணி நேரம் கிடைக்கும். அதற்கு மேல் மருந்து என்றோ சிகிச்சை என்றோ விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

அதே விதை, வேறு நிலம்

பண்ணை கேம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 'ஃபார்ம்வில்'. 2009 ஜூனில் ஃபேஸ்புக்கில் வந்து, உச்சத்தில் மாதம் 8 கோடிக்கும் மேற்பட்டவர்களை இழுத்தது. அதிலும் விதை, அதிலும் பயிர், அதிலும் பக்கத்து வீட்டுக்காரர். ஆனால் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் பயிர் கருகிவிடும். காத்திருக்க மனமில்லையா, காசு கொடு. காசு இல்லையா, நண்பர்களுக்கு அழைப்பு அனுப்பு. ஃபேஸ்புக் முழுக்கக் காணாமல் போன மாட்டுக்கு வீடு கேட்டு வந்த அறிவிப்புகளை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 டிசம்பர் 31-ல் அது மூடப்பட்டது. அதன் தந்திரங்கள் மூடப்படவில்லை. இன்றைக்குப் பூனையும் பூச்செடியும் போட்ட எத்தனையோ இலவச மொபைல் கேம்கள் அதே வழியில்தான் போகின்றன.

ஸ்டார்ட்யூ எந்தப் பக்கம் நிற்கிறது? ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். பத்து நாள் திறக்காவிட்டாலும் பயிர் நின்ற நிலையிலேயே நிற்கும். 2024 மார்ச்சில் வந்த பெரிய புதுப்பிப்பு உட்பட எதற்கும் பரோன் தனியாகக் கட்டணம் வாங்கவில்லை. கேமுக்குள்ளும் அவர் ஒரு தேர்வை வைத்திருக்கிறார். ஊரின் சிதைந்த சமுதாயக் கூடத்தை, விளைந்ததையும் பிடித்ததையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துச் சீர்ப்படுத்தலாம். அல்லது 5,000 பொற்காசு கட்டி ஜோஜாவின் உறுப்பினராகி, அந்தக் கூடத்தைக் கிடங்காக்கிவிட்டு, வேண்டியதையெல்லாம் பணத்தால் வாங்கலாம். இரண்டாவது வழிதான் சுலபம். ஊர்க்காரர்கள் கூடிச் சிரிப்பது முதல் வழியில்தான்.

ஆனால் கேம் மென்மையாக இருந்தாலும் ஆடுபவர் மென்மையாக இருக்க வேண்டுமே! எந்தப் பயிர் நாளுக்கு எத்தனை காசு தரும் என்று எக்ஸெல் அட்டவணை போட்டு ஸ்டார்ட்யூ ஆடுபவர்கள் ஏராளம். 'அனிமல் கிராஸிங்' கேமில் ஞாயிற்றுக்கிழமை டர்னிப் வாங்கி, எந்தத் தீவில் விலை ஏறியிருக்கிறது என்று விசாரித்துப் பறந்து போய் விற்ற கூட்டமும் உண்டு. ஜோஜாவின் மேஜையைப் பண்ணைக்கும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம்.

எதை வாங்கலாம்?

வெற்றி பெற்ற எதற்கும் நடப்பதுதான் இதற்கும் நடக்கிறது. பண்ணை, மீன்பிடி, பரிசு கொடுத்து நட்பு என்று அச்சில் வார்த்த கேம்கள் கடைகளில் குவிகின்றன. வாங்கும் முன் படத்தையும் வண்ணத்தையும் பார்ப்பதோடு நான்கு கேள்விகளையும் கேட்டுக்கொள்ளலாம். நான் வராவிட்டால் இது என்னைத் தண்டிக்குமா? காத்திருப்பதைத் தவிர்க்கக் காசு கேட்குமா? செய்த வேலை கண்ணுக்குத் தெரியுமா? போதும் என்று எழுந்து போக விடுமா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், மற்ற மூன்றும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இந்த கேம்களை வாங்குபவர்களை, உழைக்கப் பயந்து கற்பனைக்குள் ஒளிந்துகொள்ளும் தலைமுறை என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். அவர்கள் ஒருமுறை ஸ்டார்ட்யூவின் முதல் வாரத்தை ஆடிப் பார்க்கட்டும். நாள் முழுக்கக் கல் உடைத்து, தண்ணீர் ஊற்றி, நடு இரவு தாண்டி இரண்டு மணி வரை படுக்காமல் மயங்கி விழும் அளவுக்கு அதில் வேலை இருக்கிறது. நட்டது முளைக்கிறது, விளைந்ததற்கு மறுநாள் காலை காசு வருகிறது, ஒரு கிழங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கியவர் நன்றி சொல்கிறார். அதனால்தான் அந்த வேலை இனிக்கிறது. இப்படிப்பட்ட வேலையைச் செய்ய 4.1 கோடிப் பிரதிகளைக் கைக்காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேலை செய்யவே பிடிக்கறதில்ல' என்று சலித்துக்கொள்ளும் மேலாளர்கள், இந்தக் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பது நல்லது.